மகேந்திரராசா ஈ கட்டிய பெரும்போர்

பனிமுடி தரித்த ஒஸ்லோ மாநகரின் கிழக்கெல்லைக் காவலனே, பூருசெத் மூன்றாம் மாடி முடிமன்னனே, பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் கொட் மீன் குலத்தைக் கூர்வாளால் குறைத்தொழித்த கைவீரனே, மலையினும் மாணப் பெரிய மீசையனே, மகேந்திரராசனே, உன்னைப் பாடப் புகுந்தோம். கலைமகளே, எம் நாவில் வந்து அமர்க. இடம் போதாதெனில் சற்று ஒதுங்கி அமர்க. கடை நடத்தி விலை பேசிப் பழகிய நாவு இது, எந்நேரமும் நெரிசல்தான்.

போரின் வேர் நோர்வேயின் வடகோடிப் பாட்ஸ்பியோர்டில் உள்ளது. அங்கே ஆண்டுக்கணக்கில் மீன் வயிறு கிழித்துக் கிழித்து, கனவிலும் குடல் உருவிய நம் வீரன், ஒஸ்லோவுக்குப் புறப்பட்ட அன்று மீன்பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்று, இனி இக்கை எந்த மீனின் வயிற்றையும் திறவாது எனச் சூளுரைத்தான். இரண்டாயிரத்தாறாம் ஆண்டு வரை அச்சூள் வழுவவில்லை. இல்லத்தில் மீன் வெட்டியவள் மனையரசி தேவிகா.

அதற்குக் கேடு வின்சென்ற் வடிவில் வந்தது. முன்பு அதே தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் நின்று வெட்டியவன். இன்று கோடைதோறும் நண்பர் படை திரட்டி, நூர்மார்க்காக் காட்டு ஏரிகளில் ட்ரவுட் என்னும் புள்ளிமேனி மீனை வேட்டையாடுபவன். அவ்வேட்டைக்கு ஆயுதம் ஈ. உயிருள்ள ஈ அன்று. தூண்டில் முள்ளின்மேல் பட்டுநூலும் முயல்மயிரும் கோழியிறகும் சுற்றி, நீருக்குள் அமிழ்ந்து, மூழ்கிச் செத்த பூச்சியென நடித்து மீனை ஏமாற்றும் பொய் ஈ. வியாபாரத்தில் இதனை விளம்பரம் என்பர். கடையில் வாங்கிய ஈயோடு வருபவரை வின்சென்ற் மனிதராக மதிப்பதில்லை. பனிக்காலத்துத் தேநீர் வேளை ஒன்றில் அவன் வாய் திறந்தான்.

"மகேந்திரா, உமக்குச் சாரத்தையே இடுப்பில நிக்கிற மாதிரிக் கட்டத் தெரியாது. நீர் ஈ கட்டப் போறீரோ?"

தேநீர்க் கோப்பை அதிர, நம் வீரன் முழங்கினான்: "கோடையின் முதல் வேட்டைநாளில் எம் கைப்பட யாத்த ஈயோடு வருவோம். வாரோமாயின், அன்று நீவிர் அனைவரும் பிடித்த மீனை யாமே வெட்டுவோம்."

கோடை பிறந்தது. ஒன்பது மணிக்கு வின்சென்றின் கார் வரும் என்றிருந்த அந்தச் சனிக்கிழமைக் காலையில்தான், பனிக்காலம் முழுவதையும் 'பாப்பம்' என்ற ஒற்றைச் சொல்லால் ஓட்டிய வீரன் சாப்பாட்டு மேசை என்னும் போர்க்களம் புகுந்தான். முள்ளைக் கவ்விப் பிடிக்கும் குட்டி இடுக்கி மேசை விளிம்பில் யாளிபோல் வாய் பிளந்து நின்றது. செம்பட்டு நூல் முதற்சுற்றில் பணிந்தது, இரண்டாம் சுற்றில் முறைத்தது, மூன்றாம் சுற்றில் அறுந்து வீழ்ந்தது. முள்ளோ மீனைக் காணும்வரை பொறுக்கமாட்டாமல் வீரனின் கட்டைவிரலிலேயே கொளுவிக்கொண்டது. முயல்மயிர் முள்ளைக் கைவிட்டு அவன் கம்பளிச் சட்டைமேல் காதலுற்று நெஞ்செங்கும் படர, கட்ட வந்தவன் பாதி முயலாகக் காட்சியளித்தான்.

எஞ்சியது ஓர் இறகு; கபில நிறத்துக் கோழிக் கழுத்திறகு, கையிருப்பில் கடைசி. அதனை முள்ளருகே கொண்டுசென்ற கணத்தில், பகைவரும் செய்யத் துணியாத செயலை வீரனின் சொந்த மூக்கே செய்தது. தும்மல் இடித்தது, இறகு எழுந்தது, சாளரத்துக் காற்றேறி மறைந்தது. சோபா மலை தாண்டி, தொலைக்காட்சிக் கோட்டை சுற்றி, கதிரைக் காடு துழாவி, கம்பளப் பாலையில் முழந்தாளால் தவழ்ந்து அலைந்த வீரனைத் தோசைக்கரண்டி ஏந்திய தேவிகா கண்டாள்.

"என்னப்பா தேடுறியள்?"

"இறகு."

"அது உங்கட மீசையிலயெல்லோ கிடக்கு."

இறகு சிறைபிடிக்கப்பட்டது, அதனோடு அகப்பட்ட மீசை மயிர் சிலவும் ஈயின் அங்கமாகும் பேறு பெற்றன. முடிச்சு அவிழாதிருக்கப் பூசும் மெருகு வீட்டில் இல்லாமையால், தேவிகாவின் செந்நிற நகப்பூச்சு ஈயின் தலையில் திலகமாய்ச் சொட்டியது. ஈ சற்றே கோணியிருந்தது. பெற்றவன் கண்ணுக்கு அது பேரழகு. வீரன் எழுந்து, சாளரத்தின் வழியே உலகுக்கு அறிவித்தான்: "வின்சென்ற், வருக. உன் மீனை நீயே வெட்டுக."

கீழே காரின் ஒலிப்பான் ஊதியது.

"புதுச்சாமானைச் சாமிக்குக் காட்டாமலோ கொண்டு போறியள்? கொஞ்சம் நில்லுங்கோ," என்ற தேவிகா, சாமித்தட்டின் முன் கற்பூரம் ஏற்றினாள். வீரன் ஈயை விரல்நுனியில் ஏந்தி நின்றான். தூரத்து அருள் சில்லறை, கிட்டத்து அருள் மொத்தம் எனக் கணக்கிட்டு, இன்னும் ஒரு சாண் நெருங்கினான். காயாத நகப்பூச்சுக்கும் கற்பூரத்துக்கும் உள்ள உறவை அவன் அறிந்திலன். அவை இரண்டும் நன்கறிந்திருந்தன. செஞ்சுடர் பாய்ந்தது. திருநீற்றுத் தட்டில் ஈ வீழ்ந்தது. முகட்டில் இருந்த புகைமணி, ஆயிரம் சங்கு ஒருங்கே முழங்கினாற்போல் அலறியது. தட்டில் கிடந்தது கரிந்த முள் ஒன்றே. அறையில் நின்றது தீய்ந்த மீசை வாசம்.

வின்சென்ற் படியேறி வந்தான். "எங்க, உம்மட ஈயைக் காட்டும் பாப்பம்."

"சாமியிட்டைப் போயிட்டுது."

வின்சென்ற் தட்டை எட்டிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி ஒருகணம் நெஞ்சில் வைத்தான். "சரி, கத்தியை எடுத்துக்கொண்டு வாரும்."

அலைகடல் வற்றினும் வற்றாச் சூளே, வடதுருவப் பனியிலும் உறையாத வஞ்சினமே, கொட் குலம் முழுவதும் சாட்சி நிற்க மீன்பெட்டிமேல் முழங்கிய மாமொழியே, நூர்மார்க்காவின் பசுங்கானகத்து நீலநீர்க் கரையில், நண்பர் கூட்டம் புள்ளிமேனி மீன்களைக் குவியல் குவியலாய்க் கரையேற்ற, உனக்கு நேர்ந்ததை யாங்ஙனம் உரைப்போம்.

பின்னேரம் மகேந்திரராசா மீன் வெட்டினார்.