அஞ்சு நட்சத்திர ஆபீசும் ஒரு பன்னீர் சோடாவும்

கடைக்காரர் ஒரு மிட்டாய் கூடுதலாகக் கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். சந்தேகம் என் உடன்பிறப்பு. அப்படிப்பட்டவன் எண்ண வேண்டியதை எண்ணாமல் விட்ட கதை இது.

கோவில்பட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் கட்டடம் மின்சாரத்தை எப்படித் தின்கிறது என்று அளந்து, மேலிடத்தில் ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம். (அதுவும் பாவம் பார்த்துப் போட்டதாக இருக்கும்.) அதைப் பெரிய பலகையாக அடித்து, வருகிறவர்கள் கண்ணில் படும்படி வாசலில் மாட்ட வேண்டும் என்று உத்தரவு. எங்கள் அலுவலகத் தலைவரான மேடம் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். இத்தனை பேர் இருக்க எனக்கு ஏன்? பலகையை அல்ல, என்னைத்தான் மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று முடிவு செய்தேன். பசுவந்தனையில் எனக்குப் பெண் பார்த்து, பேச்சு முடியப்போகிற நேரம். வேலையில் ஒரு கெட்ட பெயர் வந்தால் சம்பந்தமே போய்விடும்.

தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சக அண்ணாச்சியிடம் கொடுத்தேன். எழுத்துப் பிழை விட்டு என்னைக் கவிழ்த்துவிடுவாரோ என்று, வந்த பலகையை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. மாட்டினேன்.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பலகை முன்னால் நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, நட்சத்திரங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். செல்போனில் படம் எடுத்தார். மேலிடத்து ஆளேதான். ஓடிப்போய் விளக்கு, ஃபேன், ஏசி எல்லாவற்றையும் அணைத்தேன்.

"ஏம்ப்பா, கரண்டு போயிட்டா?" என்றார் மேடம்.

"சத்தம் போடாதீங்க மேடம். செக்கிங் வந்திருக்கு."

கரிசல் வெயிலில் மொத்த அலுவலகமும் இருட்டில் உட்கார்ந்து கோப்புகளால் விசிறிக்கொண்டது. நான் பன்னீர் சோடா வாங்கிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் யாருன்னே கேக்காம எதுக்குத் தம்பி சோடா குடுக்கீய?"

"சும்மாதான் சார். வெயில்ல நிக்கீங்க..."

"சும்மா எவன் குடுப்பான்? இந்த அஞ்சு நட்சத்திரமும் எங்க தீப்பெட்டிக் கம்பெனி லேபிள்ல உள்ளது. நடுவுல உள்ளது மட்டும் பெருசு. எங்க லேபிளு இங்கன எப்படி வந்துச்சு?"

அஞ்சா? அப்போதுதான் எண்ணினேன்.

அச்சக அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் அசரவே இல்லை. "ஒத்த நட்சத்திரம் வெறிச்சுன்னு கெடந்துச்சு தம்பி. அப்படிப் போட்டா சரக்கு ஓடாதுல்லா. கையில இருந்த டிசைனைப் போட்டுட்டேன்."

நான்கு நட்சத்திரங்களின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டச் சொன்னார் மேடம். ஒட்டிக்கொண்டிருக்கும்போது வெள்ளைச் சட்டைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "நான் பசுவந்தனைப் பொண்ணுக்குத் தாய்மாமன். மாப்பிள்ளை எப்படின்னு விசாரிச்சுட்டுப் போக வந்தேன்."

பசைக்கிண்ணம் கையைவிட்டு நழுவியது. கல்யாணம் அவ்வளவுதான் என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஆனால் அவர் பெண்வீட்டில் போய்ச் சொன்னது வேறு. "பையன் கொஞ்சம் கிறுக்குதான். ஆனா ஆளைக் கண்டதும் ஃபேனை அமத்துதான். கரண்டு பில்லு கையைக் கடிக்காது. தாராளமாக் குடுக்கலாம்."

இன்றைக்கும் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மனைவி சிரித்துக்கொண்டே ஓடிப்போய் ஃபேனை நிறுத்துவாள். மாமா நேராக ஃப்ரிட்ஜ் பக்கம் போவார். அதில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களை விரலால் தொட்டு எண்ணிவிட்டு என்னைப் பார்ப்பார்.

"மாப்ள, இதுவும் அந்த அண்ணாச்சி அடிச்சதுதானா?"