பலகைக்கு மஞ்சள் குங்குமம்

டெக்சாஸ் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், இங்கிலீஷோடு பேச்சுவார்த்தை இல்லாத வெள்ளைக்காரர் ஒருவர்தான் கிடைப்பார். ஃபிரிஸ்கோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். தெருவுக்கே அவர் 'கெல்டிக் தாத்தா'.

இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸில் பிறந்தவர். நாய்க்கும் புல்வெட்டும் மெஷினுக்கும் வேல்ஸ் பாஷைதான். எனக்கும் அதேதான். நான் தமிழில் பதில் சொல்வேன். சண்டையே வந்ததில்லை. என் மகன் சேகரிடம் மட்டும், கஷாயம் குடிக்கிற முகத்தோடு இங்கிலீஷ் பேசுவார்.

ஒருநாள் நான் கொடுத்த முறுக்குத் தட்டிலேயே ஐரோப்பாவைக் காட்டினார். சேகர் எனக்குச் சொன்னான்:

"இந்த முறுக்கு இங்கிலீஷ், ஜெர்மன் வீடாம்மா. இது ஃபிரெஞ்சு, ஸ்பானிஷ் வீடு. எல்லாரும் பங்காளிங்க. ஒரு காலத்துல பாதித் தட்டு கெல்டிக் பாஷைங்கதானாம். இப்ப மேற்கு ஓரத்துல இந்தத் துணுக்குங்கதான். ஐரிஷ், ஸ்காட்லாந்துல ஒண்ணு, ஃபிரான்ஸ் ஓரத்துல ஒண்ணு, இவரோட வேல்ஸ்."

"பாகம் பிரிக்கறப்ப ஏமாத்திட்டாங்களான்னு கேளு."

சேகர் கேட்டான். தாத்தா இங்கிலீஷ் முறுக்கை எடுத்து நறுக்கென்று கடித்தார்.

போனில் அந்தப் பாஷை பேச அவருக்கு இருந்த ஒரே அக்காவும் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு வேல்ஸில் பிறந்த வீட்டின் பேரை அந்தப் பாஷையிலேயே ஒரு பலகையில் எழுதித் தன் வாசலில் நட்டார். காதால் கேட்க ஆளில்லை, கண்ணாலாவது பார்க்க வேண்டுமாம்.

வீட்டுக்காரர்கள் சங்கம், அதுதான் எச்.ஓ.ஏ., விடுமா? பலகையை எடு என்று நோட்டீஸ் வந்தது. எங்கள் வீட்டுக்கு! புரியாத பாஷை என்றால் இந்தியர்கள்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

"என்ன போர்டும்மா வச்ச?" என்று சேகர் பதறினான்.

விஷயம் தெரிந்து தாத்தா பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. கராஜில் போடப் போகிறாராம்.

"கராஜ்லயா? இப்படிக் குடுக்கச் சொல்லுடா."

சங்கத்துக்காரர்கள் கோலத்தையும் தோரணத்தையும் தொடமாட்டார்கள். சாமி விஷயம் என்று பயம். பலகையை எங்கள் வாசலில் சாய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, முன்னால் கோலம் போட்டேன்.

சங்கத்து அம்மா வந்தாள். இது சாமி சம்பந்தப்பட்டதா என்று கேட்டாள். சேகர் என் பக்கம் திரும்பினான்.

"ஆமான்னு சொல்லுடா. அவருக்கு அதுதான் சாமி."

அவள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டே போனாள்.

அன்றிலிருந்து தாத்தா தினமும் காலையில் வந்து பலகையை உரக்கப் படித்துவிட்டுப் போவார். போன மாதம் அவர் மகள் வந்து அவரைத் தன் ஊருக்கு அழைத்துப் போனாள். பலகையை நீட்டினேன். தெருவிலேயே இருக்கட்டும் என்றார்.

அந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. தினம் கேட்டது காதில் இருக்கிறது. கோலம் போட்டு முடித்ததும், அவர் சொன்ன மாதிரியே உரக்க ஒருதரம் சொல்லிவிடுகிறேன்.