கொழுப்பிறக்கிச் சித்தரின் அண்டா

சனிக்கிழமை காலையானால் திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறுகிற ஜீப்புகள் முனக ஆரம்பித்துவிடும். முனகாமல் என்ன செய்யும்? உள்ளே அடைத்திருப்பதெல்லாம் நகரத்தின் கொழுகொழு பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். ஆளுக்கொரு சிப்ஸ் பொட்டலம் வேறு. மேலே போனதும் மொத்தக் கொழுப்பும் இறங்கிவிடப் போகிறது. அதற்குள் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் என்ன கெட்டுவிடும்?

மலையில் கொழுப்பிறக்கிச் சித்தர் எழுந்தருளியிருந்தார். போளூரில் ராஜேந்திரன் என்ற பெயரில் பேக்கரி நடத்தியவர். கிரீம் பன்னுக்குப் பேர்போன பேக்கரி. அதை மூடியதும் அவருக்கு ஞானம் பிறந்தது, தாடி வளர்ந்தது. பிள்ளைகளுக்குக் கொழுப்பு ஏற்றிய கை, இப்போது இறக்குகிறது. அனுபவம் என்றால் இதுவல்லவா அனுபவம்!

முறை எளிது. அண்டாவில் சுடுதண்ணீர். பிள்ளை அதில் காலை வைக்கும். சித்தர் ஏதோ முணுமுணுத்தபடி பச்சிலை மூட்டை ஒன்றால் தண்ணீரைக் கலக்குவார். பிறகு ஒரு குடம் சில்லென்ற சுனைநீரை ஊற்றுவார். சற்று நேரத்தில் தண்ணீர்மேல் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் மிதக்கும்.

"பாரும்மா! உம் புள்ள ஒடம்புல இருந்த கொழுப்பு. உள்ளங்கால் வழியா எறங்கிடுச்சு!"

பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மீதிப் பேர் சிலுவை போட்டுக்கொள்வார்கள். சித்தருக்கு மதபேதம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே அண்டா.

கடைசியாக ஓர் அருள்வாக்கு: "இனிமே பத்தியமும் வேணாம், ஓட்டமும் வேணாம். ஓடினா எறங்கின கொழுப்பு வழி தெரிஞ்சு திரும்பி வந்துடும்."

திருப்பத்தூர் செபஸ்தியார் தெருவைக் கெடுத்தது இந்த அருள்வாக்குதான்.

அந்தத் தெருவில் டெல்சி என்றொரு பள்ளி ஆசிரியை. மருத்துவ முகாமில் தெருப் பிள்ளைகள் பலருக்கு எடை அதிகம், சிலருக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று சொன்னபோது, எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அவர் மட்டும் வீடு வீடாக ஏறினார். கோயில் மைதானத்தை மாலையில் பிள்ளைகளுக்குத் திறந்துவிடப் பங்குச்சாமியார் ஒப்புக்கொண்டார். மளிகைக் கடைக்காரர் வாசலில் தோரணமாகத் தொங்கிய சிப்ஸ் சரத்தை உள்ளே தள்ளினார். புதூர்நாட்டு விவசாயி கோபால்சாமி சாமையும் பலாக்காயும் கொண்டுவந்து கொடுத்தார். பெற்றவர்கள் முறை வைத்துப் பிள்ளைகளோடு ஓடினார்கள். சில தகப்பன்மார்களின் தொப்பைகூட அதிர்ச்சியில் கொஞ்சம் உள்வாங்கியது.

பிறகு சித்தரின் வீடியோ கைப்பேசிகளில் வந்தது. மைதானம் காலியானது. சிப்ஸ் சரம் மறுபடி வாசலுக்கு வந்தது.

எதிர்வீட்டு ஜெபகுமாரியின் மகள் ரெனி, மைதானத்தில் எல்லாரையும் முந்தி ஓடிக்கொண்டிருந்தவள், பள்ளி மாடிப்படியில் பாதியிலேயே மூச்சுவாங்கி உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரை முன்பைவிட ஏறியிருக்கிறது என்றார். டெல்சி ஓடினார்.

"இன்னா ஜெபா இது? புள்ளைய ஏன் வெளையாட அனுப்ப மாட்ற?"

"சித்தர்தான் ஓடக் கூடாதுன்னுட்டாரேக்கா."

"சர்க்கர ஏறிப்போச்சுன்னு டாக்டர் சொல்றாரே?"

"எறங்கறதுக்கு முன்னாடி ஒரு தபா ஏறுமாம். அதையும் சித்தர் சொல்லிட்டாரு."

பூ விழுந்தாலும் தலை என்று சொல்கிறவனிடம் நாணயத்தைச் சுண்டி என்ன பயன்? டெல்சி வாதாடவில்லை. புதூர்நாட்டுக்குப் போய் கோபால்சாமியைப் பார்த்தார். அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. மலைப்பாதையில் பைக் உருண்டதில் போனது. பார்த்தால் அசல் போலவே இருக்கும் செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு, வேட்டி கட்டி, காட்டுக்கும் மேட்டுக்கும் நடக்கிற மனுஷர்.

"ஒங்க காலு ஒரு நாளைக்கு வேணுமே, அண்ணே."

கோபால்சாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "போலாம் டீச்சரம்மா. அதுக்கும் கொஞ்சம் குளிச்ச மாதிரி ஆவும்."

அடுத்த சனிக்கிழமை கூட்டம் நெரிந்தது. ஜெபகுமாரியும் ரெனியோடு வந்திருந்தாள். டெல்சி அண்டாவுக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்து நின்றார். கோபால்சாமி முறை வந்ததும் வேட்டியைச் சற்றே தூக்கி, வலது காலை மட்டும் அண்டாவில் வைத்தார்.

"சாமி, இந்தக் காலுதாங்க ரொம்ப பாரமா கீது."

சித்தர் கண்ணை மூடினார். திறந்தார். "தெரியுது, தெரியுது. முட்டிக்குக் கீழதான் கொழுப்பு கட்டிகட்டியா நிக்குது. பிஞ்சு வயசுலேர்ந்து சேர்ந்தது!"

பச்சிலை மூட்டை சுழன்றது. சுனைநீர் விழுந்தது. வெள்ளைக் கட்டிகள் எழும்பின. பிள்ளைகளுக்கு வந்ததைவிட இரண்டு மடங்கு.

"பார்த்தீங்களா!" என்றார் சித்தர். கூட்டம் "ஆகா" என்றது.

"சாமி, நல்லா பார்த்துச் சொல்லுங்க. இது என் கால்ல இருந்தா வந்துச்சு?"

"சத்தியமா ஒன் கால்ல இருந்துதான்!"

கோபால்சாமி மணையில் உட்கார்ந்து வாரை அவிழ்த்தார். காலைக் கழற்றி, தண்ணீர் சொட்டச் சொட்டச் சித்தரின் பூஜைத் தட்டில் நிறுத்திவைத்தார்.

ஆகா போட்ட வாய்கள் அப்படியே திறந்திருந்தன. முதலில் சிரித்தது ரெனி. "அம்மா, ரப்பருக்குக்கூடக் கொழுப்பு வருது!"

"பொருளுக்கும் பூர்வகர்மம் உண்டு..." என்று சித்தர் தொடங்கினார். அதற்குள் டெல்சி பச்சிலை மூட்டையைப் பிடுங்கிப் பிரித்துவிட்டார். நாலு இலை. நடுவே துணியில் கட்டிய வனஸ்பதி உருண்டை. சுடுநீரில் உருகும், குளிர்நீரில் உறையும். அவ்வளவுதான் சித்து.

"பேக்கரி மிச்சமா?" என்று எவரோ கேட்டார்கள். சித்தர் பின்பக்கமாக நழுவினார். ஓடவே கூடாது என்று உபதேசித்தவர், என்ன வேகமாக ஓடினார் என்கிறீர்கள்! புதூர்நாட்டில் எந்தப் பிள்ளையும் அவரை முந்தியிருக்க முடியாது.

ஜெபகுமாரி அண்டாவிலிருந்து ஒரு கட்டியை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"ஓடாதன்னு அவன் சொன்னது சுளுவா இருந்துச்சுக்கா. சாயங்காலம் வேலய வுட்டுட்டு வர வேணாம், இவகூட சிப்ஸுக்கு சண்ட போட வேணாம். அதான் நம்பிட்டேன்." பிறகு மகளின் கையைப் பிடித்தாள். "வாடி, நாளைலேர்ந்து நானும் வர்றேன்."

வந்தாள். முதல் நாள் பாதிச் சுற்றிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெனி திரும்பி வந்து தாயை இழுத்துக்கொண்டு ஓடினாள். சர்க்கரை குறையப் பல மாதங்கள் ஆயின. மந்திரத்தால் அல்ல, வியர்வையால், சாமைச் சோற்றால், எதிர்வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் வெளியே இழுத்ததால்.

புதூர்நாட்டு அண்டா இப்போது காலியாகக் கிடக்கிறது. கவலை வேண்டாம், வேறொரு மலையில் வேறொரு சித்தர் தாடி வளர்த்துக்கொண்டுதான் இருப்பார். அவர் காலோடு விடமாட்டார். உங்கள் தலையைக் கேட்பார். கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவையாவது அதை உபயோகித்துப் பாருங்கள்.