வாலாஜாபாத்தில் இருந்த இன்னொரு மயில்

ஜாடி அண்ணன் எதிரில் எந்தப் பாத்திரமும் ஐந்து நிமிடம் நிமிர்ந்து நின்றதாகச் சரித்திரம் இல்லை. கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்துவிடுவார்.

1991-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு மூத்த இன்ஸ்பெக்டர். பழைய இங்கிலீஷ் பூஜாடி என்றால் உயிர். சீமையில் சின்னப் பட்டறைகளில் கையால் வரைந்து சுட்டவை. செய்தவரின் முத்திரை அடியில்தான் இருக்கும். அதற்காகக் கேன்டீன் டம்ளரையுமா கவிழ்ப்பது? கவிழ்த்தார். மேனேஜர் மேசைப் பூஜாடியைக் கவிழ்த்ததில் ஷிஃப்ட் சார்ட் நனைந்து, மறுநாள் மூன்று ஷிஃப்ட் ஆட்களும் ஒன்றாக கேட்டில் வந்து நின்றார்கள்.

அவரிடம் இருந்தது ஒரே ஜாடி. அதில் வலப்புறம் பார்க்கும் நீல மயில். இவை ஜோடியாகச் செய்யப்பட்டவை. இடப்புறம் பார்க்கும் மயிலைக் கண்டுபிடிப்பதே அவருடைய வாழ்நாள் லட்சியம். மெட்ராஸ் சேகரிப்பாளர் ஒருவர் விலை கேட்டு வந்தபோது, "ஒத்தையா அனுப்ப மாட்டேன் சார்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்த டம்ளரையும் கவிழ்த்துப் பார்த்தார்.

வாலாஜாபாத்தில் எனக்கு ஒரு பெண் வந்தது. புகைப்படம் பார்த்த நாளிலிருந்து அந்த இடம் தகைய வேண்டுமே என்று தவித்தேன். பெண் பார்க்க உடன் வர எனக்குப் பெரியவர்கள் யாரும் இல்லை. அண்ணனை அழைத்தேன்.

"கைய பாக்கெட்லயே வச்சிக்கணும்ண்ணே."

"வச்சிக்கினு பஜ்ஜி எப்டிப்பா துன்றது?"

பெண் வீட்டு டி.வி. மேல் ஒரு ஜாடி. நீல மயில். இடப்புறம் பார்த்துக்கொண்டிருந்தது. பெண்ணின் தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் சமையல்காரராக இருந்தவர்; அந்தத் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்ததாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் கவிழ்த்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் விழுந்தன.

பெண்ணின் அம்மா கணவரைப் பார்த்தார். "உட்டுட்டேன்னு மாதா கோயில்ல சத்தியம் பண்ணீங்களே, இதானா அது?"

மாமனாராக வேண்டியவர் எழுந்தார். "இந்த சம்பந்தம் சரிப்படாது. கெளம்புங்க."

திரும்பும் பஸ்ஸில், "அதே முத்திரைதாம்பா," என்றார் அண்ணன்.

அடுத்த ஞாயிறு என்னை இழுத்துக்கொண்டு மறுபடி போனார். மடியில் துண்டில் சுற்றிய மூட்டை. அந்த வீட்டு டி.வி.யின் மறுபுறம் தம்முடைய ஜாடியை வைத்தார். மயில்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன.

"தப்பு என்து. இது இங்கியே இருக்கட்டும். பையன் தங்கமானவன்."

பெண்ணின் அப்பா ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். "இதுவும் நல்லா ஆழமாத்தான் கீது."

"தெனம் கவுத்துப் பாப்பேன்," என்றார் அம்மா.

கதவோரம் நின்ற பெண் சிரித்துவிட்டாள். "நம்ம ஜாடிய கேட்டு வாங்கினு போக வந்தாருன்னு நெனச்சேம்ப்பா. குடுத்துட்டுப் போறாரு. இப்டி ஒரு ஆள கூட வச்சிக்கினு இருக்கவரு நல்லவராத்தான் இருப்பாரு."

தகைந்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில் அண்ணன் காலித் துண்டைத் தோளில் போட்டு, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார்.

கல்யாணப் பத்திரிகையில் என் வீட்டுப் பெரியவர் இடத்துக்கு அச்சகத்தில் அவருடைய இயற்பெயரைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். பிறகு அடித்துவிட்டு, 'எங்கள் ஜாடி அண்ணன்' என்று போடச் சொன்னேன்.