குரல் மாறிய கச்சேரி

"இது அந்தக் குரல் இல்ல," என்று கண்ணாடிக் கடைக்காரர் முணுமுணுத்தார்.

பக்கத்தில் அவர் மனைவியின் முகம் வாடிப்போயிற்று. டிக்கெட் வாங்கியவள் அவள்தான். கல்யாணமாகி ஒரு வருஷம். அவருக்கு இது இரண்டாவது கல்யாணம்; முதல் மனைவி தவறிப்போய்விட்டாள். அவர் இளமையில் விழுந்து விழுந்து கேட்ட, பிறகு சண்டை போட்டுப் பிரிந்துபோன ராக் இசைக்குழு மறுபடி ஒன்றுசேர்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அவரிடம் மூச்சுவிடாமல் இடம் பிடித்திருந்தாள். பழைய பாடகர் மட்டும் சேரவில்லை, புதியவர்தான் பாடுகிறார் என்பது பிறகு சுவரொட்டியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வந்ததே தாமதம். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவருக்குத் தன் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. தேடித் தேடி, கடைசியில் அது இல்லாமலே கிளம்பி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தபோது பாட்டு தொடங்கிவிட்டிருந்தது. மேடையில் தொப்பி போட்ட உருவம் ஒன்று மங்கலாக அசைந்தது.

"பிடிக்கலையா?" என்றாள்.

"பிடிக்கலைன்னு யார் சொன்னா? பாவம், நல்லாத்தான் பாடறான். ஒருத்தர் இருந்த இடத்துல இன்னொருத்தர் வந்து நிக்கறது லேசா?"

சொன்ன பிறகுதான் அது அவருடைய காதிலேயே விழுந்தது.

"லேசில்லதான்," என்றாள் அவள், மேடையைப் பார்த்தபடி.

"உன்னைச் சொல்லலம்மா."

"என்னைச் சொன்னீங்கன்னு நான் சொல்லவே இல்லையே."

"கேக்கக் கேக்கப் பழகிடும். எனக்கு இப்பவே பாதி பழகிடுச்சு."

"மீதி எப்பங்க பழகும்?"

இனி வாயைத் திறந்தால் வம்பு என்று, பலமாகக் கைதட்டிச் சமாளிக்கப் பார்த்தார். பாட்டில் எல்லாம் அடங்கி, கிட்டார் மட்டும் தனியாக இழையும் இடம் அது. முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

மறுபக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். தன்னைப் போல ஒரு ஜீவன் என்று கடைக்காரருக்கு மனம் இளகிவிட்டது. அவர் பக்கம் சாய்ந்து, "மனசை விட்டுடாதீங்க சார். நமக்கு இனிமே இதுதான்னு சகிச்சுக்க வேண்டியதுதான்," என்றார்.

பெரியவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார். மனைவி எழுந்து வெளியே போனாள்.

அவர் பின்னாலேயே ஓடினார். வெளிக்கூடத்தில் ஜன்னலோரம் அவள் நின்றிருந்தாள்.

"அக்காவும் நீங்களும் முதல்முதல்ல ஒண்ணாப் போனது இவங்க கச்சேரிக்குத்தானே? அதான் சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன்," என்றாள். "அக்கா வாழ்ந்த அந்த வீட்டுல ஒரு திரைச்சீலையை மாத்தக்கூட எனக்குக் கை வரலங்க. இங்க வந்தா, நீங்க பேசறதெல்லாம் என்னைப் பத்தியே பேசற மாதிரி இருக்கு."

அவர் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"கண்ணை மூடி அந்தப் பழைய குரலை நினைச்சுப் பார்த்தேன். வரல," என்றார். "சரின்னு அவ குரலை நினைச்சுப் பார்த்தேன். முகம் வருது. குரல் வரல. எத்தனை வருஷம் கேட்ட குரல்... பயந்துபோயிட்டேன். அந்தப் பயத்துலதான் என்னென்னவோ உளறிட்டேன். உன்மேல ஒரு குறையும் இல்ல."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கூட்டம் கூரை அதிர ஆர்ப்பரித்தது.

"வாங்க. மிச்சத்தையாவது கேப்போம்."

அவர் நெஞ்சு லேசாகிவிட்டது. வாசலில் டிக்கெட் பார்க்கிறவரிடம் தாராளமாகவே சொன்னார்: "பழைய ஆளை நினைக்காம கேட்டா, இந்தப் புதுப் பாடகரும் பரவாயில்லங்க."

"புதுப் பாடகரா?" என்றார் அவர், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தபடி. "அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு ஆரம்பத்துலயே சொன்னாங்களே சார். சும்மா பார்க்க வந்திருந்த பழையவரைக் கையப் பிடிச்சு மேடையில ஏத்திட்டாங்க. முதல் பாட்டுலேர்ந்து பாடறது அவர்தான்."