தகட்டையும் ஜோடியாக வெட்டியவர்கள்

ஆம்பூரில் வளர்ந்தவளிடம் எதை வெட்டக் கொடுத்தாலும் ஜோடியாகத்தான் வெட்டுவாள். இது என் தொழிற்பயிற்சி நிலையத்து சாருக்குப் புரிய எட்டு நாற்காலிகள் தேவைப்பட்டன.

எழுதும் பலகை வைத்த நாற்காலிகள். பலகையைத் தாங்கும் இரும்புத் தாங்கிகள் உடைந்துபோயிருந்தன. அதற்கு ஒரு டெம்ப்ளேட் செய்து (வெட்டவேண்டிய வடிவத்தின் மாதிரி, அவ்வளவுதான்), அதை வைத்துத் தகட்டில் எட்டுத் தாங்கிகள் வெட்டி மடக்குவது எங்கள் புராஜெக்ட். பர்வீன், சுதா, நான். ஷீட் மெட்டல் பிரிவில் இருந்த மூன்றே பெண்கள். திங்கட்கிழமை அந்த நாற்காலிகளில்தான் பரீட்சை. சொதப்பினால் "பொண்ணுங்களுக்கு இதெல்லாம் வராது" என்று பையன்கள் வருஷம் முழுக்க ஓட்டுவார்கள். அந்த பயம் எனக்கு நிறையவே இருந்தது.

டெம்ப்ளேட் பிரமாதமாக வந்தது. குழுத்தலைவி நான் (நானே சொல்லிக்கொண்டது). தகட்டில் வைத்துக் கோடு போட்டேன். அடுத்ததற்கு அதைப் புரட்டி வைத்துப் போட்டேன். எங்கள் மூன்று வீட்டிலும் ஷூ கம்பெனிச் சம்பளம்தான். வலது காலுக்கு ஒரு தடவை, புரட்டிப் போட்டு இடது காலுக்கு ஒரு தடவை என்று தோல் வெட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

சனிக்கிழமை சார் முன்னால் மாட்டினோம். நாலு தாங்கிகள் ஜோராகப் பொருந்தின. மீதி நாலும் எதிர்ப்பக்கமாக மடங்கியிருந்தன, வலப்பக்கம் உட்காரவே மாட்டேன் என்றன.

"இன்னாம்மா இது?"

"ஜோடி, சார்" என்றாள் பர்வீன்.

"நாற்காலிக்கு இன்னாத்துக்கும்மா ஜோடி? செருப்பா தைக்கிறீங்க?"

பையன்கள் சிரித்த சிரிப்பில் என் மானம் கப்பலேறியது. அப்படியே பேரணாம்பட்டு பஸ் பிடித்து ஆந்திராவுக்குள் ஓடிவிடலாம் போலிருந்தது.

சுதா அந்த நாலில் ஒரு தாங்கியை எடுத்து நாற்காலியின் இடப்பக்கம் வைத்து போல்ட் போட்டாள். அங்கேயும் துளைகள் இருந்தன, யாரும் தொட்டதில்லை. பலகையை மாட்டி உட்கார்ந்தாள். அவள் பீச்சாங்கைக்காரி. அதுவரை உடம்பை முறுக்கிக்கொண்டு, பாதி ஆள் வெளியே தொங்கத்தான் எழுதுவாள். நாங்களும் கிண்டல் செய்திருக்கிறோம். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து தன் பெயரை எழுதினாள்.

"முதுகு வலிக்கல, சார்."

சார் பையன்கள் பக்கம் திரும்பினார்.

"பீச்சாங்கையில எழுதறவங்க வேற யார்னா இருக்கீங்களா?"

சிரித்த கூட்டத்திலிருந்து இரண்டு கைகள் உயர்ந்தன. இரண்டும் இடது. மிச்சமிருந்த ஒரு நாற்காலியில் வீம்புக்கு நானே உட்கார்ந்து பரீட்சை எழுதினேன் (என் கையெழுத்தைத் திருத்தியவர் பாவம்).

அந்த டெம்ப்ளேட் இன்றும் அங்கே சுவரில் தொங்குகிறது. ஒரு பக்கம் 'வலது', மறுபக்கம் 'இடது' என்று சார் எழுதி, கீழே எங்கள் மூன்று பேரின் பெயரையும் போட்டிருக்கிறார். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை, மறைப்பானேன்.

வீட்டில்தான் மரியாதை இல்லை. போன மாதம் ஆசையாக ஒரு குக்கர் வாங்கிப் போனேன். அம்மா பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினாள்.

"ஒண்ணுதான் இருக்குது. இடது காலுக்கு எங்கடி?"