உங்கை கொட்டிய பனி

வெளிநாட்டு வாழ்க்கையை வளப்படுத்துவது விசா அல்ல, வேலை அல்ல, குளிரங்கியும் அல்ல. வலைப்பூ! ஒருவன் நோர்வேயில் எவ்வளவு ‘சிறப்பாக’ வாழ்கிறான் என்பது அவனுக்கே தெரியாமல் போய்விடக்கூடும். சொந்த ஊரான குருநகரில் நாலு பேர் வாசித்துச் சொன்னால்தான் உண்டு. இந்த மாபெரும் உண்மையை நிரூபித்தவன் மரியரட்ணத்தின் மகன் கொலின்ஸ்.

அவனுடைய வலைப்பூ ‘பனிக்குள் ஒரு பாரைமீன்’. இரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று பதிவுகள். அவற்றில் கொலின்ஸ் எழுதியது ஒன்று. மீதி அறுபத்திரண்டையும் எழுதியவள், பண்ணைப் பாலத்துக்கு அப்பால் போயறியாத தங்கச்சி கிறிஸ்ரினா. வயது பதினாறு. “எனக்கு நேரமில்லைப் பிள்ளை, நீயே எழுதிவிடு” என்று அவன் கடவுச்சொல்லைக் கொடுத்த நாளிலிருந்து அவன் வாழ்க்கை மடமடவென்று முன்னேறியது. மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டியவன் ‘கடலுணவுத் துறையில்’ உயர்ந்தான். நிலக்கீழ் அறை ‘ஏரியைப் பார்த்த வீடு’ ஆனது. போன நத்தார்ப் பண்டிகைக்குப் பனிச்சறுக்கும் பழகிவிட்டான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மரியரட்ணம் சனசமூக நிலையத்தில் பதிவை உரக்க வாசிப்பார். அதற்கு முன் மூன்று முறை செருமுவார். ஒரு முறைக்கு மேல் செரும அங்கே தலைவர் பிலுப்பையாவுக்கு மட்டுமே உரிமை இருந்தது. வலைப்பூ அதையும் மாற்றியது.

இந்தப் பொற்காலத்தில்தான் கொலின்ஸ் தங்கச்சிக்கு ஒரு குரற்செய்தி அனுப்பினான். அதை அப்பாவிடம் சொல்லவேண்டும். பத்து நாளாக அவள் பாரைமீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

“அப்பா…”

“என்ன பிள்ளை?”

“தேத்தண்ணி போடட்டோ?”

இப்படி முப்பத்தாறு தேத்தண்ணி. அண்ணனுக்கு மட்டும் எழுதிக்கொண்டே இருந்தாள்: “உங்கை குளிரோ? உங்கை ஆரும் இல்லையோ?” அண்ணன் நிற்கும் இடம் அவளுக்கு ‘உங்கை’. அந்தக் கையோடேயே, அண்ணன் எழுதுவதுபோல, ஞாயிற்றுப் பதிவையும் எழுதினாள்.

மரியரட்ணம் செருமி வாசித்தார். “அன்புச் சொந்தங்களே, உங்கை முழங்காலளவு பனி!”

பிலுப்பையா கையை உயர்த்தினார். “நில்லும் மரியரட்ணம். உங்கை எண்டால் கேக்கிற ஆக்கள், நாங்கள் இருக்கிற இடமெல்லோ? குருநகரிலையோ பனி?”

“எனக்கு வேர்த்து ஊத்துது!” என்றது பின்வரிசை.

“நோர்வேயிலை நிக்கிறவன் இங்கை எண்டெல்லோ எழுதுவான். உது இங்கை இருந்து ஆரோ எழுதினது!” என்றார் பிலுப்பையா.

எல்லாக் கண்களும் கைபேசியோடு வாசலில் நின்ற கிறிஸ்ரினாவில் வந்து நின்றன. அவள் கைபேசியில் அந்தக் குரற்செய்தியைத் தட்டினாள். கொலின்ஸின் குரல் கேட்டது.

“பிள்ளை, கை விறைச்சுப் போச்சு. விரல் மடங்குதில்லை. கதைக்க ஒரு சனமில்லை. வீட்டை வரப்போறன். அப்பாட்டைச் சொல்லு.”

அப்பா அடிப்பார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழுவார் என்றும் ஒரு சின்ன ஆசை. இரண்டும் நடக்கவில்லை. அவசரக் கூட்டம் நடந்தது.

“தீர்மானம் ஒண்டு. தம்பி வரலாம்,” என்றார் பிலுப்பையா. “தீர்மானம் ரெண்டு. வலைப்பூ வரக்கூடாது. அது நோர்வேயிலையே நிக்கட்டும். பக்கத்து ஊர்ப் பாசையூர்க்காரர் அறிஞ்சால் சிரிப்பாங்கள்.”

“ஓம், அதுதான் சரி,” என்றார் மரியரட்ணம். “உதிலை அவன் நல்லாத்தானே இருக்கிறான்.”

அடுத்த மாதம் கொலின்ஸ் ஒரேயொரு பையோடு வீட்டு வாசல் படலையில் நின்றான். பையை விரலால் பிடிக்க முடியாமல் முழங்கையில் மாட்டியிருந்தான். மரியரட்ணம் பதறி ஓடிவந்தார்.

“உங்கை நில்லாதை மோனை! ஆக்கள் கண்டிடுவினம். கெதியா உள்ளுக்கை வா!”

வலைப்பூ இப்போது முன்னெப்போதையும்விடச் செழிப்பாக நடக்கிறது. கொலின்ஸுக்கு நோர்வேயில் பதவி உயர்வுகூடக் கிடைத்துவிட்டது. போன சனிக்கிழமை, யன்னல் பூட்டிய அறைக்குள், கிறிஸ்ரினா கைபேசியை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அண்ணை, இங்கை எண்டு எழுதட்டோ, உங்கை எண்டு எழுதட்டோ?”

கொலின்ஸ் மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்பாட்டைக் கேள். நான் எங்கை இருக்கிறன் எண்டு அவருக்குத்தானே தெரியும்.”